கேமரா வாங்கும்முன்: மூடிய மவுண்டா, திறந்த மவுண்டா?

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே திருமண வேலை செய்யும் படப்பிடிப்பாளர்கள் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆடியில்தான். நமக்கு ஆடி, கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கர்க்கடகம். மலையின் இரு பக்கமும் முகூர்த்தம் இல்லை. வைகாசி, ஆனி வேலைகளின் பாக்கி வசூலாகியிருக்கும். அடுத்து இங்கே ஆவணி, அங்கே சிங்ஙம். நடுவில் கிடைக்கும் இந்தச் சாரல் கால ஓய்வில்தான் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற பேச்சு ஓடும். கேனானா, நிக்கானா, சோனியா என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடுகிறது. எந்த நிறுவனம் என்பதைவிட, அந்த நிறுவனம் எதைத் திறந்து வைத்திருக்கிறது, எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்பதுதான் அடுத்த பல ஆண்டுகளின் செலவைத் தீர்மானிக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆரிலிருந்து அது இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாற நினைப்பவர்களும் பணத்தைக் கட்டும்முன் இதை யோசிக்க வேண்டும்.

கேமரா பாடியும் லென்ஸும் பேசிக்கொள்ளும் முறையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டு, வேறு யாரும் அதற்கு லென்ஸ் செய்யவிடாமல் தடுத்தால் அது மூடிய ஏற்பாடு. அந்த விவரக்குறிப்பை உரிமம் பெற்ற பிறருக்குக் கொடுத்தாலோ, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டாலோ அது திறந்த ஏற்பாடு. ஆனால் எந்தக் கேமராவும் முழுக்கத் திறந்ததாகவோ முழுக்க மூடியதாகவோ இருப்பதில்லை. லென்ஸ் சேரும் இடமான மவுண்ட், பிளாஷ் ஏறும் ஹாட் ஷூ, பேட்டரி, கார்டு, கடைசியில் படம் பதிவாகும் கோப்பு என ஒவ்வோர் இணைப்பிலும் நிறுவனம் தனித்தனியாக முடிவெடுத்திருக்கும். ஆகவே ஒரு பிராண்டை மொத்தமாகத் திறந்தது, மூடியது என்று முத்திரை குத்துவதில் பயன் இல்லை. இணைப்பு இணைப்பாகத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வாதம் முன்பு, பெரிய சென்சார் கொண்ட விலை உயர்ந்த மீடியம் ஃபார்மட் கேமராக்களில் பெரிதாக நடந்தது. 2002இல் வந்த ஹாசல்பிளாட் எச்1 கேமராவின் பின்புறத்தில் ஃபேஸ் ஒன், லீஃப் போன்ற பிற நிறுவனங்களின் டிஜிட்டல் பேக்குகளையும், அதாவது சென்சார் இருக்கும் பின்பகுதிகளையும், மாட்ட முடிந்தது. 2004இல் இமாகான் நிறுவனத்துடன் இணைந்த ஹாசல்பிளாட், 2006இல் எச்3டியைக் கொண்டுவந்தது. அதில் தன்னுடைய பேக் மட்டுமே வேலை செய்யும் என்றது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஆனால் நிறுவனம் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. லென்ஸ், பாடி, சென்சார் மூன்றும் ஒரே கையில் இருந்தால், எந்த லென்ஸ் எந்த நிலையில் கோடுகளை எப்படி வளைக்கும் என்பது கேமராவுக்கே தெரியும். மென்பொருள் அதைத் தானாகத் திருத்திவிடும். இன்று நம் தோளில் தொங்கும் மிரர்லெஸ் கேமராக்கள் சத்தமில்லாமல் செய்வது அதைத்தான். எதிர்த்தரப்பில் ஃபேஸ் ஒன்னும் மாமியாவும் திறந்த தளம் என்று சொல்லி ஆள் சேர்த்தன. லட்சக்கணக்கில் கொடுத்து பேக் வாங்கியவர், பாடியை மாற்றும்போது அந்த பேக்கையும் கைவிட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு அந்தக் கேமராக்கள் எட்டாத உயரம்தான். இருந்தாலும் அங்கே எழுந்த இரண்டு வாதங்களும் அப்படியே இறங்கி நம்மிடம் வந்துவிட்டன: எல்லாம் ஒருவரே செய்தால் நன்றாக ஓடும், ஒருவரிடமே கட்டுப்பட்டால் விலையை அவரே வைப்பார்.

முதலில் லென்ஸ் மவுண்ட். செலவில் பெரும்பகுதி போவது அங்கேதான்.

கேனானின் இஎஃப் மவுண்ட் 1987இல் வந்தது. அதன் மின்னணு மொழியை சிக்மாவும் டாம்ரானும் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்துத்தான் லென்ஸ் செய்தன. இதனால் சங்கடங்களும் வந்தன. ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் பல, டிஜிட்டல் பாடியில் மாட்டியதும் பிழைச் செய்தி காட்டி நின்றுபோயின. உள்ளே சிப் மாற்றினால்தான் ஓடும் என்ற நிலை. இருந்தும் முப்பது ஆண்டுகளில் இஎஃப் மவுண்டுக்கு வந்து குவிந்த லென்ஸ்களுக்குக் கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய ஸ்டூடியோ அலமாரியைத் திறந்தாலும் ஒரு 50 மி.மீ. கேனானும், ஒரு டாம்ரான் ஜூமும் இருக்கும். சட்டப்படி மூடிய மவுண்ட், நடைமுறையில் ஊருக்கே பொதுவாகிவிட்டது.

மிரர்லெஸ் கேமராக்களுக்காக 2018 செப்டம்பரில் வந்த ஆர்எஃப் மவுண்டில் கேனான் அப்படி விடவில்லை. சீனாவின் வில்ட்ராக்ஸ் நிறுவனம் தானியங்கி ஃபோகஸ் கொண்ட ஆர்எஃப் லென்ஸ்களைச் செய்துவந்தது. 2022இல் கேனான் கேட்டுக்கொண்டதன் பேரில் நிறுத்திக்கொண்டது. தன் காப்புரிமையும் வடிவமைப்பு உரிமையும் மீறப்பட்டதாகக் கேனானின் ஜெர்மனிக் கிளை விளக்கம் கொடுத்தது. 2024 ஏப்ரலில் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் அறிவித்தவை எல்லாம் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கான லென்ஸ்கள். அதைவிடப் பெரிய முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாருக்கானது ஒன்றுகூட அந்த அறிவிப்பில் இல்லை. திருமண வேலைக்கு உயிர்நாடி எஃப் 2.8 அளவுள்ள 24-70, 70-200 மி.மீ. ஜூம்கள் இரண்டும். அந்த இடத்தில் போட்டியாளர் இல்லாவிட்டால் கேனானின் உயர்தர எல் வரிசை லென்ஸுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதுதான் விலை. 2024இல் கேனானே 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற எடையும் விலையும் குறைந்த லென்ஸைக் கொண்டுவந்தது நல்ல மாற்றம். மற்ற மவுண்டுகளில் டாம்ரானும் சிக்மாவும் கொடுத்த அழுத்தம்தான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பழைய இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவரின் நிலைமை வேறு. இஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். ஆர்எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 20 மி.மீ. மீதமுள்ள 24 மி.மீ. இடைவெளியை, உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம் ஒன்று நிரப்பிவிடுகிறது. கண்ணாடி இல்லாததால் படத்தின் தரம் குறைய வழியே இல்லை. கேனானின் சொந்த அடாப்டரில் ஃபோகஸ், அபெர்ச்சர், கை நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ் எல்லாம் பழையபடி ஓடுகின்றன. சிக்மா, டாம்ரானின் இஎஃப் லென்ஸ்களும் பெரும்பாலும் ஓடுகின்றன. நான்கைந்து நல்ல இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஆர்எஃப் மூடிய மவுண்டாக இருப்பது உடனே உறைக்காது. புதிதாக ஒவ்வொன்றாக வாங்கப் போகிறவருக்குத்தான் உறைக்கும்.

சோனி எதிர்த்திசையில் போனது. 2010இல் இ-மவுண்டைக் கொண்டுவந்து, 2011 ஏப்ரல் 1 முதல் அதன் அடிப்படை விவரக்குறிப்பை லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கியது. அப்போது சோனியின் லென்ஸ் பட்டியல் மிகச் சிறியது. அதை விரைவாக நீட்ட வேண்டிய தேவை இருந்தது. பலன் 2018இல் டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஆகவும், 2019இல் சிக்மா 24-70 எஃப் 2.8 ஆகவும் வந்தது. சோனியின் உயர்தர ஜி மாஸ்டர் வரிசை ஜூம் ஒன்றின் விலைக்கு ஏறக்குறைய இவற்றில் இரண்டு வாங்கலாம். கடன் வாங்கித் தொழில் தொடங்குகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இந்த வித்தியாசம் ஒரு பிளாஷ், ஒரு ஸ்டாண்டு, இரண்டு கார்டு, கொஞ்சம் வட்டி.

ஆனால் சோனி எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. ஏ1 கேமரா வினாடிக்கு 30 படமும், ஏ9 மூன்றாம் பதிப்பு 120 படமும் எடுக்கும். பிறருடைய லென்ஸை மாட்டினால் அந்த வேகம் 15க்கு இறங்கிவிடும். லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரும் அப்படித்தான். சிக்மாவின் 150-600 ஸ்போர்ட்ஸ் லென்ஸ் எல்-மவுண்டிலும் கிடைக்கிறது, இ-மவுண்டிலும் கிடைக்கிறது. எல்-மவுண்டுக்காரர் சிக்மாவின் டெலிகன்வெர்ட்டரைப் போட்டுக்கொள்ளலாம். இ-மவுண்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. லென்ஸ் ஒன்றுதான், மாறியது மவுண்டின் விதி. வீடியோவில் ஃபோகஸ் நகரும்போது சட்டகம் விரிந்து சுருங்குவதைச் சரிசெய்யும் வசதியும் சோனியின் சொந்த லென்ஸ்களுக்குத்தான். திருமணத்துக்கு 15 படம் தாராளம். மாலை மாற்றும்போது 30 படம் வீதம் எடுத்தால் இரவு கண்விழித்துத் தேர்வு செய்யப் போவது நீங்கள்தான். செந்துருணிக் காட்டில் இருவாச்சி பறப்பதை எடுக்க மழையில் காத்திருப்பவருக்கோ அந்த 15 ஒரு உண்மையான தடை. ஒரே கட்டுப்பாடு ஒருவருக்குப் பொருட்டே இல்லை, இன்னொருவருக்கு வேலையையே கெடுக்கும்.

நிக்கான் நடுவழியில் நிற்கிறது. 2018இல் வந்த இசட் மவுண்டுக்கு 2022இல் டாம்ரானும், 2023இல் சிக்மாவும் உரிமத்துடன் வந்தன. யார் எந்த லென்ஸ் செய்யலாம் என்பதில் நிக்கானின் பிடி இருக்கிறது. ஆனாலும் முழுச் சட்டத்துக்கு டாம்ரானின் ஜூம்கள் கிடைக்கின்றன. இசட் மவுண்டின் 16 மி.மீ. தூரம் இவற்றில் மிகக் குறைவு. சோனியின் 18 மி.மீ.க்கும் அதற்கும் இடையே 2 மி.மீ. மட்டுமே, ஆகவே சோனி லென்ஸை நிக்கானில் மாட்டும் மெல்லிய அடாப்டர்களும் வந்துவிட்டன. அவை நிக்கானின் ஒப்புதல் இல்லாமல் ஓடுபவை. கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபார்ம்வேரின் அடுத்த பதிப்பில் என்ன ஆகும் என்று யாரும் உறுதி தர முடியாது. இன்னொன்று: நம் பக்கத்துப் பழைய நிக்கான்காரர்களிடம் ஏஎஃப்-டி என்ற பழைய வகை லென்ஸ்கள் நிறைய உண்டு. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அவற்றுக்குத் தானியங்கி ஃபோகஸ் கிடையாது. கையால்தான் திருக வேண்டும். 85 மி.மீ. டி லென்ஸை நம்பி இசட் பாடி வாங்குவதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

கொள்கை அளவில் எனக்குப் பிடித்தது எல்-மவுண்ட் கூட்டணி. 2018இல் லைக்கா, பானாசோனிக், சிக்மா மூன்றும் சேர்ந்து அறிவித்தது. பிறகு டிஜேஐ, பிளாக்மேஜிக் போன்றவையும் சேர்ந்தன. மவுண்ட் கூட்டாளிகள் எல்லோருக்கும் பொது. ஃபூஜியின் எக்ஸ் மவுண்டும் இப்போது பிறருக்குத் திறந்திருக்கிறது. ஆனால் எல்லைப்புறத்தில் வேலை செய்பவனாக இவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். காரணம் வேறு.

சென்னையிலும் கொச்சியிலும் லென்ஸ் வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. எங்களுக்கு வாடகைக் கடை என்பது சக படப்பிடிப்பாளரின் அலமாரி. ஆரியங்காவில் காலையில் திருமணம், மாலையில் இலஞ்சியில் வரவேற்பு என்றால் இரண்டு குழு வேண்டும். புனலூர்க்காரர் முந்தின நாள் மாலை கூப்பிட்டு, "அண்ணாச்சி, 70-200 ஒன்று கிடைக்குமா?" என்பார். துண்டில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போட்டு, பையின் மேல் பெயரை எழுதி, கொல்லம் சாலையில் போகும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் அவர் கையில் இருக்கும். மறு வாரம் அவருடைய 35 மி.மீ. இங்கே வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் பணம் கைமாறுவது அபூர்வம். அந்த லென்ஸ் அவர் பாடியில் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே உங்களைச் சுற்றி வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஒரு மூடிய மவுண்ட் வைத்திருந்தால், உங்கள் வரையில் அது திறந்த மவுண்டுதான். எவ்வளவு நல்ல திறந்த மவுண்டாக இருந்தாலும், நாற்பது கிலோமீட்டருக்குள் அதை வைத்திருப்பவர் நீங்கள் ஒருவரே என்றால், நடைமுறையில் அது மூடியதுதான். காகித விவரங்களை ஒப்பிடும் எவரும் இதைச் சொல்வதில்லை. எனக்கோ இதுதான் முதல் கேள்வி.

மூடிய ஏற்பாட்டுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். மலையாளத் திருமணத்தில் தாலி கட்டு, மாலை மாற்றம், புடவை கொடுத்தல் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் பக்கத்தில் நேரம் உண்டு, ஆனால் ஓமப் புகை நடுவில் நிற்கும், கெட்டிமேளம் கேட்டதும் உறவினர் தலைகள் எல்லாம் லென்ஸுக்கு முன்னால் வரும். அந்தக் கணத்தில் ஃபோகஸ் மணமகளின் கண்ணை விடாமல் பிடிக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த லென்ஸும் பாடியும் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்வதன் மதிப்பு அங்கேதான் தெரியும். கை நடுக்கத்தைக் குறைப்பதில் லென்ஸும் பாடியும் பங்கு போட்டுக்கொள்ளும். 2020இல் ஆர்5 கேமரா வந்தபோது, சில லென்ஸ்களுடன் நடுக்கத்தை 8 ஸ்டாப் வரை ஈடுகட்டலாம் என்று கேனான் சொன்னது இந்தக் கூட்டு வேலையால்தான். விளக்கு வெளிச்சத்தில், பிளாஷ் போட அனுமதி இல்லாத மண்டபத்தில் இது உதவும். புதிய ஃபார்ம்வேர் வரும்போது நிறுவனம் தன் லென்ஸ்களைச் சோதித்துவிட்டுத்தான் வெளியிடும். பிறர் லென்ஸுக்கு அந்தப் பொறுப்பு அதற்கு இல்லை. வேறு நிறுவன லென்ஸ் வைத்திருப்பவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தில் ஃபார்ம்வேரைத் தொடாமல் இருப்பது நல்லது. இன்றைய சிக்மா, டாம்ரான் லென்ஸ்களின் ஃபோகஸ் திருமணத்துக்குப் போதும் என்பது என் அனுபவம். ஆனாலும் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்க முடியும் என்றால், முகூர்த்த நேரத்தில் பாடியில் இருக்கும் லென்ஸை நிறுவனத்தின் சொந்த லென்ஸாக வாங்குங்கள். மற்றவற்றில் சிக்கனம் பாருங்கள்.

நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங் 2010இல் என்எக்ஸ் மவுண்டைக் கொண்டுவந்து, 2014இல் என்எக்ஸ்1 என்ற அருமையான கேமராவையும் செய்து, பிறகு சத்தமில்லாமல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. நிக்கான் 1 வரிசை 2011இல் வந்து 2018இல் முடிந்தது. கேனானின் இஎஃப்-எம் 2012இல் வந்து 2023இல் நின்றது. மூன்றிலும் லென்ஸ் வாங்கியவர்களுக்கு மேலே போக வழி இல்லை. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008இல் சேர்ந்து அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கதை வேறு. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை விற்று விலகிய பிறகும், மவுண்டை இருவர் வைத்திருந்ததால் லென்ஸ்கள் அநாதையாகவில்லை. இன்னும் அழுத்தமான சான்று விளக்குகளில் இருக்கிறது. ஸ்டூடியோ பிளாஷின் முன்னால், வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் மூன்று கொக்கி வளையம் இங்கிலாந்தின் போவன்ஸ் நிறுவனத்துடையது. போவன்ஸ் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் உலகமே அந்த வளையத்தைப் பின்பற்றியிருந்ததால், இன்று தென்காசிக் கடையில் வாங்கும் சாஃப்ட்பாக்ஸும் போவன்ஸ் மவுண்டுதான். செய்தவர் போய்விட்டார், அவர் வளையம் இருக்கிறது.

பிளாஷ் பக்கம் வருவோம், ஏனெனில் புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு கேனான் பாடியின் ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். இரண்டு உலோக விளிம்புகளுக்கு நடுவே கருப்புப் பரப்பில் பெரிய வட்டப் புள்ளி ஒன்றும், சிறிய புள்ளிகள் நான்கும் இருக்கும். பெரிய புள்ளிதான் எந்த நிறுவன பிளாஷையும் எரியச் சொல்லும் பொது இணைப்பு. ஐஎஸ்ஓ 518 என்ற தரத்தில் வருவது. சிறிய நான்கும் கேனான் பிளாஷோடு மட்டும் பேசும். இப்போது 2019இல் வந்த 200டி இரண்டாம் பதிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறிய புள்ளிகள் இருக்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய பெரிய புள்ளி இல்லை. தள்ளி நிற்கும் பிளாஷை எரியச் செய்யும் கருவிதான் டிரிக்கர்; நடுப்புள்ளியை மட்டும் நம்பும் மலிவான டிரிக்கர் அதில் அழகாக ஏறி உட்காரும், ஆனால் எரியாது. இத்தனை ஆண்டு பொதுவாக இருந்த ஓர் இணைப்பை, தொழில் கற்க வருபவர்கள் வாங்கும் கேமராவில் எடுத்துவிட்டது எனக்கு உடன்பாடில்லாத செயல். மினோல்டா 1988இல் தனக்கென்று ஒரு ஷூ வடிவம் செய்து, அதை வாங்கிய சோனியும் அதையே தொடர்ந்து, கடைசியில் 2012இல் பொது வடிவத்தோடு ஒத்துப்போகும் ஷூவுக்கு வர வேண்டியிருந்தது. அந்தப் பாடம் முன்பே இருந்தது.

எங்கள் பக்கத்தில் விளக்குகளை ஒன்றுபடுத்தியது கோடாக்ஸ் என்ற பிளாஷ் நிறுவனம். அதன் ரேடியோ மொழி அதற்கே உரியது, ஆகவே அதுவும் மூடியதுதான். ஆனால் கேனானுக்கு, நிக்கானுக்கு, சோனிக்கு, ஃபூஜிக்கு என்று தனித்தனி டிரிக்கர் விற்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் விளக்குக்கு எந்தக் கேமரா அழைக்கிறது என்ற கவலை இல்லை. வரவேற்பில் இரண்டு பேர் இரண்டு பிராண்டு கேமராவோடு நின்றாலும் ஒரே விளக்குகளைப் பகிர்ந்துகொள்ளலாம். கேமரா நிறுவனத்தின் சொந்த பிளாஷுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்து, அடுத்த பாடி வேறு பிராண்டு என்றால் அதையும் விற்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பேட்டரியும் கார்டும் சீக்கிரம் முடியும். கார்டில் பொதுத்தரமே வென்றுவிட்டது: சோனியின் மெமரி ஸ்டிக்கும், ஒலிம்பஸ்-ஃபூஜியின் எக்ஸ்டி கார்டும் போய், எஸ்டி நிற்கிறது. சிஎஃப்எக்ஸ்பிரஸில் ஏ, பி என்ற இரண்டு அளவு இருப்பதால், கூட்டாளியிடம் எந்த வகை இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பேட்டரியில் பானாசோனிக் 2009இல் ஃபார்ம்வேர் மூலம் பிறர் பேட்டரிகளைத் தடுத்த வரலாறு உண்டு. கேமராவுக்குள் போவது அசலாகவே இருக்கட்டும். வீங்கினால் அறையிலிருந்து வெளியே எடுக்கவே முடியாது. எல்இடி விளக்குக்கும் மானிட்டருக்கும் சோனியின் பழைய என்பி-எஃப் வடிவம் பொதுவாகிவிட்டது, அதில் எந்த நல்ல பேட்டரியும் சரிதான்.

நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத இடம் கோப்பு. லென்ஸை விற்கலாம், பாடியை மாற்றலாம். எடுத்த திருமணத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆல்பம் மழை ஈரத்தில் ஒட்டிப்போனது, இன்னொரு பிரதி வேண்டும் என்று பல ஆண்டுகள் கழித்து வருபவர்கள் உண்டு. அப்போது ஹார்ட் டிஸ்க் ஓடினால் மட்டும் போதாது, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை அன்றைய மென்பொருள் திறக்க வேண்டும். 2005இல், நிக்கான் டி2எக்ஸ் தன் ரா கோப்பில் வெள்ளைச் சமநிலை விவரத்தை மறைக்குறியீடாக வைத்திருந்தது தெரியவந்தது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். மாப்பிள்ளையின் வேட்டி என்ன வெள்ளை என்று சொல்லும் எண் அது. படம் எடுத்தவருக்குச் சொந்தமான தகவலுக்கு நிறுவனம் பூட்டுப் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2004இல், அடோபி நிறுவனம் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்தை முழு விவரக்குறிப்போடு வெளியிட்டது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். லைக்காவும் பென்டாக்ஸும் கேமராவிலேயே டிஎன்ஜியில் பதிய வழி செய்தன. கேனான், நிக்கான், சோனி மூன்றும் தங்கள் சொந்த வடிவங்களையே வைத்துக்கொண்டன. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று கட்டற்ற மென்பொருள்களால் திறக்க முடிகிறது என்றால், அது 1997இல் டேவ் காஃபின் எழுதத் தொடங்கிய, ரா கோப்பைத் திறக்கும் டிசிரா நிரலும், அதன் வழியில் வந்த பலருடைய உழைப்பும் செய்த உபகாரம். டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதால், மாதச் சந்தா கட்ட முடியாத ஒரு புதிய ஸ்டூடியோ நேர்மையாகத் தொழில் செய்ய முடிகிறது. புதிய பூட்டுகளும் வருகின்றன. 2021இல் வந்த நிக்கான் இசட்9 இடத்தை மிச்சப்படுத்தும் உயர்திறன் ரா என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. கோப்பு சிறியது, ஆனால் அது வந்தபோது அந்தக் கட்டற்ற மென்பொருள்களால் அதைத் திறக்க முடியவில்லை. அதே கேமராவில் இழப்பில்லாத வழக்கமான ரா வடிவமும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் விலையை மிச்சம் பிடிக்க நினைத்து அந்தத் தேர்வை மாற்றாதீர்கள்.

திருத்தமும் ஒரு கோப்புதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் நிறம் திருத்திய அத்தனை உழைப்பும் அதன் கேட்டலாக்கில் கிடக்கிறது; சந்தா நின்றால் திருத்தும் பகுதி வேலை செய்யாது. ஆகவே ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை முழு அளவு டிஃப் கோப்பாகவோ உயர்தர ஜேபெக் கோப்பாகவோ வெளியே எடுத்து, ரா கோப்புகளோடு இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். வீடியோக்காரர்களுக்கும் இந்தப் பூட்டு தெரியும். கேமராவுக்குள்ளேயே சுருக்கிய ரா வீடியோவுக்கான காப்புரிமையை வைத்து ரெட் நிறுவனம் 2022இல் நிக்கான் மீது வழக்குத் தொடுத்தது. 2023இல் வழக்கு முடிவுக்கு வந்தது. 2024இல் நிக்கான் ரெட்டையே விலைக்கு வாங்கிவிட்டது.

பழுது பார்ப்பது இந்த மலையடிவாரத்தில் தனிக் கவலை. ஜூனில் புளியரை வழியாகச் சாரல்காற்று நுழைந்ததிலிருந்து லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் காலம். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து பார்த்தால், உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் நடுவை நோக்கிக் கிளம்பியிருக்கும். பழைய லென்ஸை உள்ளூர் மெக்கானிக் திறந்து துடைத்துவிடுவார். இன்றைய லென்ஸைத் திறந்தால் திரும்பச் சேர்த்த பிறகு நிறுவனத்தின் கருவியும் மென்பொருளும் கொண்டு அளவு பார்க்க வேண்டும். அவை வெளியாருக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் தனியார் பழுது நிலையங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை நிக்கான் 2020இல் முடித்துக்கொண்டது. நமக்கு அங்கீகார மையம் என்றால் மதுரை அல்லது திருவனந்தபுரம், அங்கிருந்தும் பெரிய நகரத்துக்கு அனுப்புவார்கள். ஒரு பருவத்தில் என் லென்ஸ் ஒன்று ஒரு மையத்தில் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்தே முகூர்த்தங்கள் கழிந்தன. இந்தச் சிக்கலில் திறந்த மவுண்டும் மூடிய மவுண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் ஒன்று வாங்குவதுதான் இதற்கு ஒரே பதில், அதற்கான பணத்தை லென்ஸ் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு எதை வாங்குவது? அலமாரியில் நல்ல இஎஃப் லென்ஸ்கள் இருப்பவர் கேனான் ஆர் பாடி ஒன்றும் அடாப்டரும் வாங்கட்டும். மூடிய மவுண்ட் என்று பயந்து அவற்றைப் பாதி விலைக்கு விற்பது நஷ்டம். ஆர்எஃப் லென்ஸ் வாங்குவதை முகூர்த்த லென்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கையில் எதுவும் இல்லாமல் முழுச் சட்டக் கேமராவுக்குள் வருபவருக்கு நான் சோனியின் இ-மவுண்டைச் சொல்வேன். பழைய இ-மவுண்ட் லென்ஸ்களும் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. சுற்றியிருப்பவர்கள் நிக்கான்காரர்களாக இருந்தால் தயங்காமல் இசட் மவுண்ட், டாம்ரான் ஜூமோடு. பறவை, காட்டு விலங்கு எடுப்பவர் எந்த மவுண்டானாலும் அந்த நிறுவனத்தின் சொந்த லென்ஸுக்கே பணம் சேர்க்கட்டும். அவருக்கு மூடிய ஏற்பாட்டின் வேகம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். விளக்குகள் எல்லோருக்கும் பிராண்டு தாண்டியவை, கோப்பு எல்லோருக்கும் இலவச மென்பொருளிலும் திறக்கும் வடிவம்.

கடைக்குப் போகும்போது உங்கள் டிரிக்கரையும், வேலையில் கூட நிற்கும் நண்பரின் லென்ஸ் ஒன்றையும், காலியான கார்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். டிரிக்கரை ஷூவில் ஏற்றி பிளாஷ் எரிகிறதா என்று பாருங்கள். லென்ஸை மாட்டி, கடைக்குள் நடந்து வரும் ஒருவர் முகத்தில் ஃபோகஸ் நிற்கிறதா என்று பாருங்கள். கேமராவில் இருக்கும் ஒவ்வொரு ரா வடிவத்திலும் ஒரு படம் எடுத்து, கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் கணினியில் இருக்கும் மென்பொருளிலேயே திறந்து பாருங்கள். திறந்தால் மறுநாள் போய் முன்பணம் கொடுக்கலாம்.